போடாத முத்திரை

நீதிமன்றத்துக்கு எதிரே மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. உள்ளே ஒரு மேசை, இரண்டு மூன்று நாற்காலி, கைரேகை எடுக்கும் மைப்பெட்டி. அங்கே உட்கார்ந்திருக்கும் நோட்டரி வக்கீலம்மாவுக்கு மற்ற வக்கீல்கள் வைத்த பெயர் 'மாட்டேன் மேடம்'. ஆள் வராமல் தாள் மட்டும் வந்தால் மாட்டேன். பத்திரத்தில் ஒரு வரி காலியாக இருந்தால் மாட்டேன். நேற்றைய தேதி போடச் சொன்னால் மாட்டவே மாட்டேன். கூடப் பிறந்த அண்ணன் பிரமாணப் பத்திரத்தோடு வந்தபோது, "சொந்தக்காரங்களுக்கு நான் போடக் கூடாது, வேற ஆளைப் பாரு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியவர். அந்த அண்ணன் அதற்கப்புறம் அவர் வீட்டுப் படி ஏறவில்லையாம். முத்திரையைக் கைப்பையில் போட்டுக் கழிப்பறைக்குக்கூடத் தூக்கிக்கொண்டு போவார். எதிர்வரிசை நோட்டரியோ போன் பேசிக்கொண்டே குத்தித் தள்ளுவார். அங்கே கூட்டம் நெட்டித் தள்ளும். இந்த அம்மா ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவரிடம் போக எனக்கென்ன தலையெழுத்தா? அப்பா மூளையில் ரத்தம் உறைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேச்சு போய்விட்டது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. ஆபரேஷன் செய்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். பிழைப்பார் என்று சொல்லவில்லை, வாய்ப்பு என்றார். எனக்கு அது போதும். பணத்துக்கு வீட்டை விட்டால் வேறு வழியில்லை, வீடு அப்பா பெயரில் இருந்தது. அவர் எனக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தால் நான் விற்கலாம். வாங்குகிறவர் தயார்தான், ஆனால் விவரமான ஆள். "அந்த அம்மா போட்ட சீல் இருந்தா இன்னிக்கே பணம். வேற யாரு போட்டாலும் எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

நான் போய்க் கூப்பிட்டதும், காலையில் அந்த வக்கீலம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் வண்டியில் ஏற மறுத்துப் பஸ்ஸில் வந்தார். வந்ததும் நர்ஸை மட்டும் நிறுத்திக்கொண்டு என்னையும் என் அம்மாவையும் வெளியே அனுப்பினார். அம்மா நடையில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நான் கதவிடுக்கில் கண்ணையும் காதையும் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஐயா, உங்க மகனுக்குப் பவர் கொடுக்கச் சம்மதமா?"

அப்பா தலையை ஆட்டினார். எனக்கு உயிர் வந்தது.

"நீங்க பஸ் ஓட்டினவர்தானே?"

அதற்கும் ஆட்டினார். அப்பா கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுத்தவர். சைக்கிள்கூட ஓட்ட வராது.

"வெளியில நிக்கிறது உங்க தம்பியா?"

அதற்கும் அதே ஆட்டல்.

அவர் வெளியே வந்து பையை மூடினார். "என்னால போட முடியாது தம்பி. எதைக் கேட்டாலும் ஆமாங்கிறார். என்ன கேக்கறேன்னே அவருக்குத் தெரியலை."

"அவர் உயிருக்காகத்தானே கேக்கறேன்? நான் என்ன ஊரான் சொத்தையா கேக்கறேன்?" என் குரல் நடை முழுக்கக் கேட்டிருக்கும். "அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா?"

"நீங்க நல்ல பிள்ளைதான். அது உங்க மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. ஆனா கெட்ட பிள்ளை வந்தாலும் இதே மாதிரிதான் அழுவான்."

அறைந்துவிடலாம் போலிருந்தது. அவர் நர்ஸிடம் ஏதோ விசாரித்துவிட்டுத் திரும்பினார். "தூக்க மருந்து கொடுத்திருக்காங்களாம். சாயங்காலம் தெளியுமாம். அதுவரைக்கும் இருக்கேன்."

இருந்தார். மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். நான் வாங்கிக் கொடுத்த டீயைத் தொடவில்லை, தானே போய் வாங்கிக் குடித்தார். வாங்குகிறவர் விடாமல் போன் செய்தார். "இதோ ஆயிடும், இதோ ஆயிடும்" என்று சொல்லிச் சொல்லி என் நாக்கு வறண்டுவிட்டது. டாக்டர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

சாயங்காலம் அப்பா கண்ணை அகல விழித்துப் பார்த்தார். அந்த அம்மா மறுபடியும் உள்ளே போனார். நான் மறுபடியும் கதவிடுக்கில் நின்றேன்.

"நீங்க பஸ் ஓட்டினவர்தானே?"

அப்பா புருவத்தைச் சுளித்து, இல்லை என்று தலையசைத்தார்.

"வெளியில இருக்கிறது உங்க தம்பியா?"

இல்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை. சந்தோஷத்தில் இடுக்கு வழியாகவே நர்ஸைக் கும்பிட்டேன்.

அந்த அம்மா பத்திரத்தை எடுத்து, நிறுத்தி நிதானமாக வரி வரியாகப் படித்துச் சொன்னார். வீடு விற்கப்படும், பணம் ஆபரேஷனுக்குப் போகும் என்றார். அப்பா கேட்டுக்கொண்டார். "சம்மதமா?"

அப்பா இல்லை என்று தலையசைத்தார்.

"விக்க வேணாமா?"

ஆமாம் என்று அசைத்தார்.

அவர் கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டார். "உங்க முன்னாடி இன்னொரு தடவை கேக்கறேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது." கேட்டார். அதே பதில். "ஆபரேஷன் நடக்காது, உயிருக்கு ஆபத்து. தெரியுமா ஐயா?" தெரியும் என்று தலையாட்டினார். "உங்க வீட்டுக்காரம்மா மகனோட ஒரு வாடகை வீட்டுல இருக்கலாமே?" அப்பா இடக்கையைத் தூக்கி, அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் காட்டி, வேண்டவே வேண்டாம் என்று ஆட்டினார்.

"அப்பா, நான் வேற வீடு கட்டித் தர்றேன்ப்பா" என்றேன். சொன்னதை மீறிப் பேசிவிட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். அந்த நிமிஷம்வரைக்கும் வீட்டை விற்கலாமா என்று அவரிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் டாக்டரும் வாங்குகிறவரும் எங்களுக்குள்ளேயே பேசி முடித்துவிட்டோம்.

"அம்மாகிட்ட இதைச் சொல்லலாமா ஐயா?" என்றார் அந்த அம்மா கடைசியாக.

வேண்டாம் என்று அப்பா அத்தனை வேகமாகத் தலையை ஆட்டி நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்லக் கூடாது.

வெளியே வந்ததும் அம்மா எழுந்து ஓடி வந்தாள். "ரேகை வச்சிட்டாரா?"

வக்கீலம்மாதான் பதில் சொன்னார். "நான் சீல் போடலைம்மா." அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஏன் என்று அம்மா கேட்டாள், கெஞ்சினாள், காலில் விழப் போனாள். அவர் பிடித்துத் தூக்கினார். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

அந்த வாரம் தாண்டவில்லை, அப்பா போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா ஒருநாள் கிளம்பி நீதிமன்றத்துக்கு எதிரே போனாள். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. படிக்கட்டுக்குக் கீழே நின்று, நாலு பேர் கூடும்படி கத்தினாள். "என் புருஷனைக் கொன்னவ நீதான்! ஒரு சீலைப் போட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருப்பே? உனக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே இல்லையா?" எதிர்வரிசை நோட்டரி போனைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

அந்த வக்கீலம்மா எழுந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். என்னை ஒரு தடவை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா கேட்டுக்கொண்டது எங்கள் இரண்டு பேரையும்தானே.

"ஆமாம்மா, நான்தான் போடலை" என்றார். "உக்காருங்க, கொஞ்சம் தண்ணி குடிங்க."

அம்மா உட்காரவில்லை. அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பூட்டைத் திறந்து உள்ளே நுழையும்போதும் அந்த வக்கீலம்மாவைத் திட்டிக்கொண்டேதான் நுழைந்தாள்.