லென்ஸ் விளிம்பில் நான் போட்ட கோடு

மாவு மிஷின் மோட்டாரில் ஓடும் பாலிஷ் மிஷின் மூன்று, லென்ஸின் தடிமன் பார்க்கும் சுழல்தட்டு ஒன்று, ஹைதராபாத் நாச்சாரத்தில் ஒரு ஷெட். எல்லாம் நானே கட்டியது. எட்டாவதோடு நின்று வட ஆற்காட்டிலிருந்து மாற்றுச் சட்டையோடு வந்தவன்; தெலுங்கும் உருதும் திட்டு வாங்கியே கற்றேன். ஊரில் இருப்பவர்களும் என்னைப்போல் வெளியே பிழைப்பவர்களும் கேளுங்கள்.

கொண்டாப்பூர் கம்பெனி ஒன்று, என் லென்ஸ் நான்கை அடுக்கி, மிச்ச மங்கலைக் கம்ப்யூட்டர் கணக்கால் நீக்கி, சின்னக் கேமராவில் பெரிய கேமராவின் துல்லியம் கொண்டுவரப் பார்த்தது. நான் கோர்த்துக் கொடுத்த முதல் கேமராவில் படம் கத்தி மாதிரி கூர்மையாக வந்தது. அதை நம்பி அவர்களே ஐம்பது கோர்த்தார்கள். எல்லாவற்றிலும் ஓரம் மங்கல். கணக்கை ஓட்டினால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து. லென்ஸ் மட்டம், மொத்தமும் திருப்புகிறோம் என்று போன் வந்தது. திருப்பினால் இந்த ஊரில் என் சரக்கை அப்புறம் யார் தொடுவார்? ஆட்டோ பிடித்துப் போனேன்.

கணக்கு எழுதிய இன்ஜினியர் ஸ்ரவந்தி மேடம், டிசைனும் சாஃப்ட்வேரும் சரி, கண்ணாடிதான் கோளாறு என்றார். ஒரு கேமராவைப் பிரிக்கச் சொன்னேன். லென்ஸ் விளிம்பு பளிச்சென்று இருந்தது. எந்த லென்ஸும் ஒரு பக்கம் மயிரிழை தடித்திருக்கும். அந்தப் பக்கத்து விளிம்பில் பென்சில் கோடு போடுவது எங்கள் வழக்கம். அடுக்கும்போது கோடுகளை எதிரெதிரே வைத்தால் ஒன்றின் கோணலை மற்றது அடித்துவிடும். நாச்சாரத்தில் இதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயும் சொல்லவில்லை.

கோடு எங்கே என்றேன். அங்கே லென்ஸ் கழுவும் இம்ரான் பெருமையாகச் சொன்னார்: "மைல் தா சாச்சா, ஏக் ஏக் கர்கே தோ டாலா." அழுக்கென்று ஒவ்வொன்றாகக் கழுவிவிட்டாராம்.

"கைக்கு மியான்?" ஏன் கழுவினீர்கள் என்று கேட்டேன்.

சுத்தம் செய்யத்தானே சம்பளம் என்று சிரித்தார். அவரை என்ன சொல்வது?

சுழல்தட்டை வரவழைத்து, தடித்த பக்கம் பார்த்து மறுபடி கோடு போட்டு, ஒரு கேமராவை அங்கேயே கோர்த்தேன். மேடம் கணக்கை ஓட்டினார். எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்த போன் நம்பர், படத்தின் ஓரத்தில், கடைசி எண்வரை தெரிந்தது.

"ஈ கீத சங்கதி நாகு எவரூ செப்பலேது, பாபாய்" என்றார் மேடம். இந்தக் கோட்டு விஷயம் தனக்கு யாருமே சொல்லவில்லையாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றேன். ஐம்பதும் இப்போது தேறிவிட்டன.

அந்தக் கேமராவை உருவாக்கியவர்கள் என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். எல்லாம் பட்டம் போட்ட பெயர்கள். என் பெயர் இல்லை. ஊருக்குப் போனால் நான் ஹைதராபாத்காரர், இங்கே மதராசி. அதனால் இரண்டு ஊரையும் சேர்த்தே கம்பெனிக்காரர்களிடம் கேட்கிறேன்: திருப்பத்தூர் ஏழுமலை, நாச்சாரம். ஒரு எழுத்து குறையாமல் அந்தப் பலகையில் எழுதுங்கள்.