ரேடியேட்டரில் ஊற்றிய மருந்து

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது இது. ஐயம்பேட்டையிலிருந்து பெரிய காஞ்சிபுரத்துக்கு ஷேர் வேன் ஓட்டுகிறேன். அப்போது பங்குனி மாதம். ரேடியேட்டரில் காலையில் ஊற்றும் தண்ணீர் சாயங்காலத்துக்குள் காணாமல் போய்க்கொண்டிருந்தது. வெளியே எங்கும் ஒழுகவில்லை. மெக்கானிக் பார்த்துவிட்டு, "இன்ஜினோட சிலிண்டர் ஹெட்டுல விரிசல் இருக்குதுபா. கழட்டி மாத்தணும். ஒரு வாரம் வண்டி நிக்கும்" என்றார்.

திருவிழா நேரம். வண்டியை நிறுத்த மனசு வரவில்லை. தண்ணீரோடு ஊற்றினால் விரிசலை உள்ளேயே அடைத்துவிடும் கெமிக்கல் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதை ஊற்றச் சொன்னேன். "இது அவசரத்துக்குத்தான். திருவிழா முடிஞ்சதும் வண்டியைக் கொண்டாந்துடு" என்று சொல்லித்தான் ஊற்றினார்.

மறுநாளிலிருந்து தண்ணீர் குறையவில்லை. வெப்பம் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. திருவிழா முடிந்தது; நான் போகவில்லை. ஆடியும் வந்துவிட்டது. மற்ற டிரைவர்களிடம் அந்த மருந்தின் பெருமையைப் பேசிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் காலை, வண்டி நிறைய ஆட்கள். வண்டிக்குள்ளேயே இருக்கும் இன்ஜின் மூடியை ஒட்டிய முன் சீட்டில் பள்ளிக்கூடம் போகும் ஒரு சின்னப் பெண். ஊருக்குள் நுழையும் முன்பே வண்டி இழுக்க மறுத்தது. முள்ளைப் பார்த்தேன், நடுவில்தான் இருந்தது. ஓரங்கட்டி, யாரையும் இறங்கச் சொல்லாமல், இன்ஜின் மூடியைத் தூக்கினேன்.

பின் சீட்டில் பட்டுக்குச் சாயம் போடும் அக்கா ஒருவர் இருந்தார். தினமும் கொதிக்கும் தொட்டி முன்னால் நிற்பவர். உள்ளேயிருந்து அடித்த அனலிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. "எல்லாரும் எறங்குங்க. பாப்பா, நீ மொதல்ல வா" என்று குழந்தையைக் கையைப் பிடித்து இறக்கினார். என்னிடம், "தம்பி, அதைத் தொடாத. ஆறட்டும்" என்றார்.

"முள்ளு நார்மலாத்தான்கா இருக்குது" என்று சொல்லிக்கொண்டே, துணியை வைத்து ரேடியேட்டர் மூடியைத் திருகினேன்.

மூடி கையை விட்டுப் பறந்தது. கொதிக்கும் பழுப்புத் தண்ணீர் கூரையில் மோதி, அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்த சீட் முழுக்கக் கொட்டியது. என் கை முழங்கை வரை வெந்துவிட்டது. வலியே தெரியவில்லை. ஆவி பறந்த சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அக்கா என் கையில் தண்ணீரை ஊற்றியபடி, "ரிப்பேர்னு தெரிஞ்சேதான் ஓட்டினியா?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டினேன். அவர் குழந்தையை நடத்தியே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார்.

மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். விரிசல் இன்னும் நீண்டிருந்தது. "நீ ஊத்தச் சொன்ன மருந்து, சூட்டைப் பாத்து முள்ளுக்குச் சொல்ற சென்சார் மேலயும் அப்பிக்கினு கெட்டியாயிடுச்சுபா. அப்புறம் முள்ளு எப்படி ஏறும்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதத்துக்கு மேல் அந்த முள்ளை நம்பித்தானே ஆட்களை ஏற்றியிருக்கிறேன்!

புது ஹெட் போட்டாயிற்று, கையும் ஆறிவிட்டது. ஆனால், வண்டி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஏறி உட்காருகிறார்களே, அந்த நம்பிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் என் கண் அந்த முன் சீட்டுக்குத்தான் போகிறது.