அக்கா பிடுங்கிய தேயிலை

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் ஆறு காம்பரா. ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அதன் பின்னால் சமைக்க ஒரு குசினி, அவ்வளவுதான் காம்பரா. குசினிக்குப் பின்னால் செங்குத்தான மேடு, மேட்டுக்கு மேலே ரோடு. எந்த மகராசன் இந்த இடத்தைத் தேடிப் பிடித்து லயம் கட்டினானோ, அவன் ஒரு நாளாவது இதில் படுத்திருப்பானா? மேடு முழுக்கப் பழைய தேயிலை. அதில் கொழுந்து எடுப்பதைத் தோட்ட நிர்வாகம் எப்போதோ நிறுத்திவிட்டது. அதனால் அவரவர் குசினிக்கு நேரே இருக்கும் மேடு அவரவருக்கு என்று ஆகிப்போனது. அடுத்தவர் மேட்டில் யாரும் மண்வெட்டி வைக்க மாட்டோம்.

பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்கா என் கூடப் பிறந்தவரில்லை. மலையில் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர். புருஷன் செத்த பிறகு ஒற்றை மகளை வளர்த்து, ஹட்டனில் துணிக்கடை வேலைக்கு அனுப்பியிருந்தார். அந்தப் பிள்ளைக்கு நோர்வூட் டவுனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. கடை வைத்திருக்கிற குடும்பம். தை பிறந்ததும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்காவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது.

"ரோட்டுலேருந்து எறங்கும்போதே தேயிலையும் லயமும் கண்ணுல படக்கூடாதுடி. லயத்துப் பொண்ணுனு ஒரு வார்த்தை எவ வாயிலேருந்தும் வரக்கூடாது. வர்றவங்க பூவத்தான் பாக்கணும்" என்றார்.

அப்படித்தான் அந்தப் பூந்தோட்டம் ஆரம்பித்தது. மகளின் பழைய போனில் வீட்டுத் தோட்டம் போடுவது எப்படி என்று யார் யாரோ பேசுவதை அக்கா வேலை விட்டு வந்து உட்கார்ந்து பார்ப்பார். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால். ஒரே நிறத்தைக் கூட்டமாக வைத்தால்தான் தூரத்திலிருந்து எடுப்பாகத் தெரியும். நேர்ப்பாதை வேண்டாம், வளைந்து வளைந்து இறங்கினால் சின்ன இடமும் பெரிதாகத் தெரியும். இதையெல்லாம் என்னிடம் பாடம் மாதிரி ஒப்பிப்பார். எனக்கோ இடுப்பு வலி. "அக்கா, உங்களுக்கு வேற வேலை இல்லையா" என்று சிரிப்பேன்.

முதலில் தேயிலை போனது. பழைய தூர் லேசில் வருமா? அலவாங்கைப் போட்டு நெம்பி, கைத்தோல் உரிய உரிய ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நானும் கை கொடுத்தேன். தூர்களை வெட்டிக் காயவைத்து அடுப்பில் வைத்தார்.

"இத்தனை வருஷம் என் இடுப்ப ஒடிச்ச சனியன், இப்ப எனக்குச் சுடுதண்ணி வைக்குது பாருடி" என்று சொல்லி அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு மேட்டைப் படிபடியாக வெட்டினார். ஒவ்வொரு படிக்கும் ஆற்றுக்கல் விளிம்பு. லாரி டயர்களுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து அதற்குள் ஜெரேனியம். கிழிந்த கொழுந்துக் கூடையில் மண் நிரப்பி, வழிந்து தொங்குகிற சின்னப் பூச்செடி. மேல் படியில் ஆள் உயரத்துக்கு டேலியா, சிவப்பு மட்டும். லயத்தின் தகரத்தை மறைக்க பேஷன்புரூட் கொடி. ஐப்பசியில் எல்லாம் பூத்தபோது ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

என் வீட்டுக்காரரைப் பிடுங்கி எடுத்தேன். "பக்கத்து வீட்டப் பாருங்க, நம்ம மேட்டப் பாருங்க. பேய் வீடு மாதிரி இருக்கு. அந்தத் தூரப் பிடுங்கிப் போட்டா என்ன?"

"நாளைக்குப் பாப்போம்" என்பார். அவருடைய நாளை எந்தக் காலத்திலும் வந்ததில்லை. அவருக்கு மண்ணைப் பற்றி ஏதோ தெரிந்து விட்டுவைத்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். சுத்தச் சோம்பேறித்தனம்.

கார்த்திகையில் புயல் மழை பிடித்தது. விடாமல் கொட்டியது. மலையில் வேலை இல்லை. அக்கா மகள் பஸ் ஓடாததால் ஹட்டனிலேயே தங்கிவிட்டாள். காலையில் நான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா, "ஏடி, டேலியா எல்லாம் சாஞ்சிருச்சு, குச்சி கட்டணும், கயிறு இருக்கா?" என்று கேட்டார். "இருக்குக்கா, தர்றேன்" என்றேன். கயிற்றை எடுக்க முன்னறைக்குப் போனேன். லாரி கல்லைக் கொட்டினது போல ஒரு சத்தம். சுவர் அதிர்ந்தது. திரும்பி வந்து பார்த்தால் என் குசினி அப்படியே இருக்கிறது, ரொட்டி கருகிக்கொண்டிருக்கிறது. அக்கா குசினி இல்லை.

லயமே ஓடி வந்தது. மண்வெட்டியால் தோண்டப் பயந்து கையால் தோண்டினோம். மஞ்சள் டயர் வந்தது, கூடை வந்தது, கல் வந்தது. அக்கா கடைசியில்தான் வந்தார். எங்கள் குசினிக்கு நேரே இருந்த மேட்டிலும் மேல் மண் சரிந்துதான் இருந்தது. ஆனால் தேயிலைத் தூர்களில் முட்டி நின்றுவிட்டது.

மறுநாள் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் மேட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, தேயிலையைப் பிடுங்கியிருக்கக் கூடாது என்று சிங்களத்தில் சொன்னார். எனக்கு வந்ததே ஆத்திரம்! "மேட்டுக்குக் கீழ லயத்தக் கட்டி எங்கள வச்சிருக்கக் கூடாதுங்க. அத யாருகிட்ட சொல்லுவீங்க?" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்திலேயே கேட்டேன். அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

நோர்வூட் ஆட்கள் சாவுக்கு வந்தார்கள். ரோட்டில் நின்று கீழே பார்த்தார்கள். சிவந்த மண், உடைந்த தகரம், வரிசையாக லயம், அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய வரை தேயிலை. அக்கா எதையெல்லாம் மறைக்க நினைத்தாரோ அத்தனையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு போன் இல்லை.

அக்காவைப் புதைக்க வேறு இடம் ஏது? எங்கள் மயானம் தேயிலை மலைக்கு நடுவில்தான். நாலு பக்கமும் தேயிலை. குழிக்குள் இறக்கும்போது, பாவி மனுஷிக்கு செத்தும் விடுதலை இல்லையே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன்.

சரிந்த மண்ணில் கிளறி டேலியாக் கிழங்கு கொஞ்சம் பொறுக்கினோம், மகளும் நானும். கருமாதி முடிந்து போய்க் குழிமேட்டில் நட்டோம். அடுத்த மழையில் கிழங்கோடு மண்ணும் வழிந்து போனது. திரும்ப மண் போட்டு நட்டோம். அதுவும் போனது. குழிமேடு கரைந்து கரைந்து தரையோடு தரையாகிக்கொண்டிருந்தது. இன்னும் ரெண்டு மழை பெய்தால் எது அம்மாவின் இடம் என்றே தெரியாது என்று அந்தப் பிள்ளை அழுதாள்.

ஒரு நாள் நாங்கள் போனபோது எங்களுக்கு முன்னால் வீட்டுக்காரர் அங்கே நின்றார். சொல்லாமல் ஒரு வேலையும் செய்யாத மனிதர். ஒரு கையில் மண்வெட்டி, இன்னொரு கையில் தேயிலைக் கன்றுகள். "இதுதான் மண்ணப் பிடிக்கும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வேறு நேரமாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

"அம்மாவுக்குத் தேயிலையா சித்தி?" என்று பிள்ளை கேட்டாள்.

நான் ஆமென்று தலையை ஆட்டினேன். அவர் கன்றுக்குக் குழி தோண்ட ஆரம்பித்தார்.