கன்னியம்மா இங்கே குடியிருக்கிறாரா?

பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பித் தருவது என்பது, எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் அவர் யார் என்று ஒரு மணி நேரம் விசாரித்து, கடைசியில் இருவருக்குமே சந்தேகம் வந்துவிடுகிற தொழில். நான் இதற்குப் புதியவன். இருபத்திரண்டு வருடம் பிரான்சில் ஓர் ஓட்டலின் வரவேற்பு மேசையில் நின்று, வந்தவர்களின் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து அறைச் சாவி கொடுத்தவன். நாற்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பி, உழவர்கரையில் இட்லி மாவுக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டரோடு உட்கார்ந்தேன். பிரெஞ்சும் தமிழும் படித்தவனாயிற்றே, ஒரு படிவம் நம்மை என்ன செய்துவிடும் என்று நினைப்பு. கோப்பு எண்ணைத் தட்டித் தட்டி, 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரியை மாதக்கணக்கில் படித்த உங்களுக்கு, அது என்ன செய்யும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியும் அடையாளம்

கன்னியம்மா குருசுக்குப்பத்துக்காரர். ஐம்பத்திரண்டு வயது, மீன் வியாபாரம். ஆடி மாதம் ஒரு மத்தியானம் கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தார். ஒரே மகளைப் பாரிசுக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். தை மாதம் பிரசவம். மருமகனுக்குத் தாய் இல்லை, அக்கா தங்கை இல்லை. அதற்குள் இவர் போய்ச் சேர்ந்தாக வேண்டும். கட்டணம் ஆயிரத்தைந்நூறு என்றதற்கு அவர் அசரவில்லை. ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த இரண்டு நாள், சேவை மையத்துக்கு நேரில் போக ஒரு நாள் என்று நான் அடுக்கியபோதுதான் முகம் சுருங்கியது. மீன் நாளைக்கு வா என்றால் கேட்குமா?

அக்கம்பக்கத்தில் உங்களைத் தெரிந்த இருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். யோசிக்காமல் முதலில் சொன்ன பெயர் எதிர்வீட்டு அஞ்சலை. அடுத்த கட்டம், கண்ணுக்குத் தெரியும் அடையாளம். மச்சம் ஏதாவது உண்டா என்றேன். இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். மணிக்கட்டு முதல் நகக்கண் வரை வெட்டும் கீறலுமாக ஓர் இடம் பாக்கியில்லை. கட்டமோ ஒரு வரிக்குமேல் இடம் தராது. நான் விழிப்பதைப் பார்த்து அவருக்கே இரக்கமாகிவிட்டது.

"இது கெளுத்தி முள்ளு. இது சொறா அறுக்கச்சொல்ல பட்டது. இது, பாப்பாவப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி அவசரத்துல வெட்டிக்கிட்டது. உனக்கு எது புடிக்குதோ அத எழுதிக்க தம்பி."

எட்டுப் பிரதி

கதிர்காமத்திலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். வெளிநாட்டில் ஓட்டப்போகிற ஆசை. விண்ணப்பத்துக்கு முன்னாலேயே ஸ்டூடியோவுக்குப் போய், அவர்களுடைய கோட்டையும் டையையும் மாட்டிக்கொண்டு படம் பிடித்து, எட்டுப் பிரதி எடுத்துவந்திருந்தார். அண்ணே, படம் அங்கேயே எடுப்பார்கள், இது தேவையில்லை என்றேன். நான் எதையோ மறைக்கிறேன் என்பதுபோலப் பார்த்தார். எட்டையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் சேவை மையத்துக்குப் போனார்.

மறுநாள் திரும்பி வந்து, எட்டையும் என் மேசையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினார். அங்கே யாரும் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். வரிசையில் நின்று வேர்த்த அரைக்கைச் சட்டையோடு பளிச்சென்று ஒரு படம் எடுத்துவிட்டார்களாம். படத்தில் கோட்டுப் போட்டிருந்தவரை விரலால் தொட்டுக் காட்டினார்.

"நான் போயிடுவேன், சரி. அப்ப இவரு எங்க சார் போவாரு?"

வீடு மாறியதா?

நகரத்துக்குள்ளிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், காலாவதியான பாஸ்போர்ட்டோடு வந்தார். எனக்கு முன்பே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். நான் நாற்காலி போட்டதும் 'மெர்சி' என்று நன்றி சொல்லி உட்கார்ந்தார். முகவரி மாறியிருக்கிறதா என்று படிவம் கேட்டது. நானும் கேட்டேன். பிறந்த வீட்டிலேயே இருக்கிறேன் என்றார். ஆனால் பழைய பாஸ்போர்ட்டில் ஒரு தெருப் பெயர், ரேஷன் கார்டில் இன்னொன்று, ஆதாரில் மூன்றாவது. கதவு எண்ணும் பழையது, புதியது, அதற்கும் புதியது.

மாறவில்லை என்று போட்டால் காகிதங்கள் ஒத்துப்போகாது. மாறியது என்று போட்டால், எப்போதிலிருந்து புது முகவரியில் இருக்கிறீர்கள் என்று கேட்கும். இரண்டையும் மாற்றி மாற்றிக் குறியிட்டுப் பார்த்தேன். நாலாவது தடவை கம்ப்யூட்டரே என்னை வெளியே தள்ளிவிட்டது. அவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"நான் மாறல, முசியே. வீடும் மாறல. தெருதான் மூணு தடவ எங்களத் தாண்டிப் போயிருக்கு. எங்க போச்சுன்னு அதுகிட்ட கேளுங்க."

ஃபைலோடு வந்தவர்

ஐப்பசியில் கன்னியம்மாவின் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. மீன் கை பட்டுக் கெட்டுவிடும் என்று போனைப் பீரோவில் பூட்டிவிட்டுத்தான் அவர் மார்க்கெட்டுக்குப் போவார். சாயங்காலம் எடுத்துப் பார்த்து, புரியாமல் என்னிடம் கொண்டுவந்தார். விசாரித்ததில், போலீஸ் விசாரணை முடிந்துவிட்டது, கொடுத்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை என்று எழுதப்பட்டிருக்கிறது எனத் தெரிந்தது. முப்பது வருடமாக அதே சந்தில் இருப்பவர்! படிவத்தை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. அதுதான் இன்னும் குழப்பியது.

மறுநாள் காலை நகலை ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு குருசுக்குப்பம் போனேன். வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கன்னியம்மா வீடு எது என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கக்கத்திலிருந்த ஃபைலைப் பார்த்தார். "அப்படி யாரும் இங்க இல்லீங்களே." அடுத்த வீட்டிலும் அதேதான். அதற்கடுத்த வீட்டில் கேள்வியை முடிக்கவே விடவில்லை. கன்னியம்மா என்று ஒருவர் உண்மையிலேயே என் கடைக்கு வந்தாரா என்று நானே யோசிக்கத் தொடங்கிய நேரத்தில், வெறுங்கூடையோடு அவரே நடந்து வந்து, "என்னா தம்பி வெயில்ல நிக்கற, வா, டீ போடறேன்" என்றார்.

வலை பிரித்த அம்மாதான் அஞ்சலை. படிவத்தில் முதல் சாட்சியாக நான் எழுதிய அதே அஞ்சலை. போன வருடம் ஃபைலோடு ஒருவர் வந்து யார் வீட்டையோ கேட்க, இவர்கள் வெள்ளந்தியாகக் கையைக் காட்ட, அன்று சாயங்காலமே அந்த வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் துண்டித்துவிட்டார்களாம். அதிலிருந்து சந்துக்கே ஒரு சட்டம், ஃபைலோடு வந்து பெயர் கேட்டால் அந்தப் பெயரில் ஆள் இல்லை. விசாரிக்க வந்த போலீஸ்காரர் சாதாரண சட்டையில், கையில் ஃபைலோடு பைக்கில் வந்திருக்கிறார். அஞ்சலைக்கு அழுகையும் வந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"ஃபைலப் பாத்தா வாய் தானா சொல்லிடுது தம்பி. எங்க கன்னிம்மாவ நாங்க காட்டிக் குடுத்துருவமா?"

மறு விசாரணை

விளக்கக் கடிதம் எழுதினோம். மறு விசாரணை கேட்டோம். கார்த்திகை வந்துவிட்டது. கன்னியம்மா தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து, போனை என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை மட்டும், "நான் போயிச் சேரலன்னா அவ தனியா கெடப்பா" என்றார். எனக்குச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

நான் சந்துக்குப் போய்ப் பெண்களைக் கூட்டி வைத்துப் பாடம் நடத்தினேன். கன்னியம்மா பெயரைச் சொல்லி யார் கேட்டாலும், இருக்கிறார், முப்பது வருடமாக இங்கேதான் இருக்கிறார், இப்போது வந்துவிடுவார், உட்காருங்கள் என்று சொல்லவேண்டும். அஞ்சலை எல்லோரையும் ஒப்பிக்கவைத்தார். போலீஸ்காரர் வந்த அன்று பைக்கை நிறுத்துவதற்குள் பதினோரு பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர் வாய் திறக்குமுன்பே முப்பது வருடம் என்றார்கள். நாற்காலி வந்தது, டீ வந்தது, ஓடிப்போய் மார்க்கெட்டிலிருந்து கன்னியம்மாவையும் அழைத்துவந்தார்கள். போலீஸ்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு, வழி மறித்தவர்களைப் பார்த்துச் சொன்னாராம்.

"போன தடவ ஒருத்தருக்கும் தெரியல. இந்தத் தடவ நான் கேக்காமயே தெரியுது. நடுவுல என்னாம்மா நடந்துச்சி?"

ஸ்கேனருக்குள் ஒரு கார்டு

பாஸ்போர்ட் வந்தது. விசா தனிக் கதை. அதில் நான் நிரப்பிய கட்டங்களை நினைத்தால் இப்போதும் பேனா நழுவுகிறது. பொங்கல் முடிந்த வாரம் கன்னியம்மா விமானம் ஏறினார். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் பெண் குழந்தை. மகள் கையை இவர் பிடித்துக்கொண்டிருந்தாராம், இத்தனை அடையாளங்கள் உள்ள அந்தக் கையால்.

அடுத்த வாரம் ஸ்கேனர் மூடியைத் தூக்கினால் உள்ளே கன்னியம்மாவின் ரேஷன் கார்டு. என் கவனக்குறைவுதான். அஞ்சலையிடம் கொடுத்துவைக்கலாம் என்று, பழக்கதோஷத்தில் அதை ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு போனேன். அஞ்சலை வீடு பூட்டியிருந்தது. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த, நான் முன்பு பார்த்திராத ஒரு பெண்ணிடம், "கன்னியம்மா வீட்டுக்கு எதிர்வீட்டுல..." என்று ஆரம்பித்தேன். அவள் ஃபைலைப் பார்த்தாள். புடவையை உதறிக்கொண்டு எழுந்து நின்றாள். அப்போது பாரிசில் விடிந்திருக்கும். கன்னியம்மா பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்.

"கன்னிம்மாக்காவா? இருக்காங்க சார். முப்பது வருசமா இங்கதான் இருக்காங்க. இப்ப வந்துருவாங்க, உக்காருங்க."

ஒருவர் இருக்கிறார் என்று நிரூபிக்க எத்தனை காகிதம் வேண்டும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை, இல்லாமல் போக எதிர்வீட்டுக்காரியின் அன்பு ஒன்றே போதும் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.