இலையில் வைத்த கிம்லெட்

என் மனைவிக்கு முதலாண்டுப் படையல். வாழையிலையில் இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகையும், வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயமும் வைத்தாயிற்று. இரண்டும் அவளுக்குப் பிடித்தவை. அவற்றின் அருகே நான் ஒரு ஜின் பாட்டிலை வைத்தபோது கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்னூரிலிருந்து வந்திருந்த மைத்துனர்தான் கேட்டார். "ஏனுங் மாமா, அப்பாருக்குப் பிராந்தி வெச்சோம், செரி. அக்கா இதையத் தொட்டதுகூட இல்லீங்களே?"

"தொட்டதில்லீங்க. ஆனா கேட்டிருக்கறா."

பணி ஓய்வுக்குப் பின் ஆங்கிலத் துப்பறியும் நாவல்களை அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசிப்பது என் வழக்கம். ஒருநாள் அவள் சர்பத்துக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தாள். கதையில் கிம்லெட் வந்தது. ஜின்னும் எலுமிச்சை சர்பத்தும் சேர்ந்த பானம் என்று விளக்கினேன். நெடுங்கடல் பயணத்தில் ஈறு வீங்கும் நோய்க்கு மருந்தாகக் கப்பலில் ஏற்றிய சாற்றை, அதிகாரிகள் ஜின்னில் கலந்து குடித்ததே அதன் தொடக்கம் என்பார்கள். அதையும் சொன்னேன்.

"மருந்துன்னு சொல்லிக் குடிக்கறது அங்கயும் உண்டுங்களா?" என்று சிரித்தாள். "உப்பும் இஞ்சியும் இல்லாம எலுமிச்சை என்னத்துக்கு ஆகும்? ஒரு நாளைக்குக் கலக்குங்க, குடிச்சுப் பாத்துப்போடலாம்."

அந்த நாள் வாய்க்கவில்லை. இலையிலாவது அது அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று விரும்பினேன்.

அவளுடைய அக்காதான் முடிவு சொன்னார். "ஆசப்பட்டதத்தானே எலைல வெக்கறோம்? கலக்குங்க மாப்பிள்ளை. குடிச்சுப்போட்டு மேல போயி ஆட்டம் போட்டாள்னா, அது அங்க இருக்கறவங்க பாடு."

அவள் கடைசியாகச் செய்த சர்பத், ஃப்ரிட்ஜில் ஓராண்டாகத் திறக்கப்படாமல் இருந்தது. மூடியைத் திருகி, ஜின்னோடு சரிபாதியாகக் கலந்து டம்ளரை இலையில் வைத்தேன். வெளியே வைத்த சோற்றைக் காக்கை வந்து கொத்தியது. படைத்ததை வீட்டார் உண்டே ஆக வேண்டும். டம்ளர் என் கைக்கு வந்தது.

முதலில் ஜின்னின் கசப்பும் ஒருவகைப் பச்சிலை வாசமும். பிறகு புளிப்பு, இனிப்பு. எல்லாம் அடங்கியபின் நாக்கின் ஓரத்தில் உப்பு, தொண்டையில் இஞ்சி. கப்பலில் குடித்தவர்களுக்கு இந்தக் கடைசிப் பகுதி கிடைத்திருக்காது.

"எப்படீங் மாமா?" என்றார் மைத்துனர்.

"உப்பு வேணுமுங்க. அவ சொன்னது செரிதான்."

"அவ என்னைக்குத் தப்பாச் சொன்னா?" என்றார் அக்கா. "கண்ணத் தொடச்சுட்டு உக்காருங்க. சந்தகை ஆறுது."