ஆவிக்குத் தடை

சுப்பண்ணன் காலையில் பற்றவைக்கும் முதல் சிகரெட்டின் புகை கருமத்தம்பட்டியில் கிளம்பி, அவிநாசி ரோட்டில் பஸ் பிடித்து, கோயமுத்தூருக்கே போய்ச் சேரும். வானத்தில் போகிற விமானங்கள் அதை மேகமென்று நினைத்து ஒதுங்கிப் போனதும் உண்டு. சரி, விமானம் கொஞ்சம் அதிகம்தான், அதைக் கழித்துவிடுங்கள். பஸ்ஸில் போனது மட்டும் நிஜம். அவர் சட்டையோடு ஏறிப் போகும்.

தன் விசைத்தறிகள் ஓடும் தறிக்குடோனுக்குள் அவர் ஒருநாளும் புகைத்ததில்லை. பறக்கிற பஞ்சுத்தூசியில் ஒரு பொறி விழுந்தால் துணியோடு கூரையும் போய்விடும். இந்த ஒழுக்கத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே, நூல் அறுந்தாலும் வேலியோரம், அறாவிட்டாலும் வேலியோரம் என்று போய் நின்றுவிடுவார். மனைவி பாவாத்தாள் திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டாள்.

ஓயாதவள் மகள் கீதா. தலைப்பிரசவத்துக்கு வந்தவள், பெண் பிறந்து ஊட்டுக்கு வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்:

“அப்பா, உங்க மேல பொகை நாத்தம் போற வரைக்கும் பாப்பாவத் தொடக்கூடாதுங்க. எட்டி நின்னு பாத்துக்கங்க.”

எட்டி நின்று பார்த்தார். தெருவே வந்து எடுத்துக் கொஞ்சியது. பால் ஊற்ற வந்த பழனாத்தாள்கூட மடியில் போட்டுக்கொண்டு, “அப்பிடியே தாத்தன் மூக்கு” என்றாள். மூக்கைக் கொடுத்த தாத்தனுக்கு நிலைப்படிதான் எல்லை.

அந்தச் சமயத்தில் துபாயிலிருந்து லீவில் வந்தான் பாவாத்தாளின் தம்பி தனபால். பேனா மாதிரி ஒன்றை மாமன் கையில் வைத்தான்.

“ஈ-சிகரெட்டுங் மாமா. நெருப்பில்ல, சாம்பலில்ல. வெறும் ஆவி.”

ஒரு இழுப்பு இழுத்தார். மாம்பழ வாசம்! சிகரெட்டை அன்றே தலைமுழுகினார்.

“ஏனுங்க, கார்த்திகை மாசத்துல ஏதுங்க மாம்பழம்?” என்றாள் பாவாத்தாள்.

“சளி புள்ள. ஆவி புடிக்கறேன். மருந்து அப்பிடி மணக்குது.”

சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது என்று அவரே தேடிப் பார்த்தார். சளி மட்டும்தான் அகப்பட்டது. கீதா சட்டையை மோந்து பார்த்துவிட்டு, “பரவால்லீங்கப்பா, ஞாயித்துக்கெழம தூக்கிக்கங்க” என்றாள்.

சனிக்கிழமை பேனா செத்துப்போனது. வாய் நமநமவென்றது. விட்டால் சிகரெட்டுக்குத்தான் கை போகும். போனால் ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கோயமுத்தூர் காந்திபுரத்தில் வழக்கமாக மாத்திரை வாங்கும் அப்துல் கையூம் கடைக்கு ஓடினார்.

“ஏனுங்க பாய், இந்த ஆவி புடிக்கற பேனாவுக்கு மருந்து கெடைக்குங்களா?”

அவர் மேஜையில் எடுத்து வைத்த பேனாவின்மேல் கையூம் செய்தித்தாளைப் போட்டு மூடினார். “உள்ள வைங்கண்ணா! இது தடை பண்ணுனது. விக்கறது, வெளிநாட்டுல இருந்து கொண்டாறது, சேத்து வெக்கறது, எல்லாமே குத்தம். 2019-லயே சட்டம் வந்தாச்சு. ஜெயிலே உண்டு.”

“அப்ப எதுத்த பொட்டிக்கடைல விக்கறது?”

“அது சிகரெட்டுங்கண்ணா. அட்டைல புண்ணுப் படத்தப் போட்டு விக்கலாம்.”

“நெருப்புக்கு லைசென்சு, ஆவிக்குப் போலீசுங்களா?”

“நானாண்ணா சட்டம் போட்டேன்? ரெண்டுலயும் நிக்கோட்டின்தான். பள்ளிக்கூடப் பசங்க இந்த மாம்பழத்துக்கு மயங்கிருவாங்கன்னுதான் தடுத்தாங்க. உடறதுன்னா டாக்டரப் பாருங்க, மெல்லற கம்மு குடுப்பாரு.”

திரும்பும்போது பஸ் கண்டக்டரின் காக்கிச் சட்டையைப் பார்த்தே சுப்பண்ணனுக்கு வேர்த்தது. ஊட்டுக்கு வந்ததும் நேரே சமையல்கட்டுக்குப் போய், மூச்சு வாங்க, மனைவியிடம் கொட்டினார்:

“புள்ள, ஆவி புடிக்கறவங்கள ஜெயில்ல போடறாங்களாமா!”

பாவாத்தாள் அந்நேரம் கொதிக்கிற நொச்சித்தழைச் சட்டிக்கு மேல் கம்பளியைப் போர்த்திக் குனிந்திருந்தாள். கம்பளி பறந்தது. முகமெல்லாம் நீர் வடிய எழுந்தாள்.

“எனக்குச் சளித்தடுமங்க! பாப்பாவுக்கு ஒட்டிரக்கூடாதுன்னு புடிக்கறேன். இதுக்கு எவனுங்க ஜெயில்ல போடறவன்? வரச்சொல்லுங்க!”

“உன்ற ஆவி இல்ல புள்ள… என்ற ஆவி…”

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. கதவருகே கீதா நின்றிருந்தாள். கையை நீட்டினாள். இடுப்பிலிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தார். மோந்து பார்த்தாள்.

“சளி மருந்துங்களாப்பா?”

சுப்பண்ணன் இல்லாத சளிக்கு ஒருமுறை மூக்கை உறிஞ்சினார்.

“ஞாயித்துக்கெழம இல்லீங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தனபால் மொட்டைமாடியில் காயாத துணிக்குக் காவல் காக்கப் போய்விட்டான்.

திங்கட்கிழமையே சுப்பண்ணன் டாக்டரிடம் போனார். அவர் கொடுத்த நிக்கோட்டின் கம் காரமாகக் கசந்தது. மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்கச் சொல்லியிருந்தார்கள். வீங்கிய கன்னத்தோடு தறியோரம் நிற்பவரைப் பார்த்து, “மொதலாளிக்குப் பல்வலியா, அம்மணி அறைஞ்சுபோட்டாங்களா?” என்று தறிக்காரர்கள் கேட்டார்கள். வேலியோரம் கால் இழுக்கும்போதெல்லாம் தொட்டிலுக்கு எதிரே போய் உட்கார்ந்தார். மார்கழி போய்த் தை பிறந்தது.

ஒருநாள் கீதா அவர் சட்டையை மோந்தாள், கையை மோந்தாள், வாயை ஊதச் சொன்னாள். பிறகு பாப்பாவை அவர் மடியில் வைத்தாள். சுப்பண்ணன் மூச்சைக்கூட அளந்து விட்டார். கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க, ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தனபாலைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்:

“பாத்தியா மாப்ள, உட்டுப்போட்டேன்!”

“உட்டுப்போட்டேன்னு சொல்லாதீங்கப்பா,” என்றாள் கீதா, அவர் கன்னத்து மேட்டைத் தொட்டுக்காட்டி. “உட்டுட்டிருக்கேன்னு சொல்லுங்க.”