டெக்கில் செருப்போடு ஏறக்கூடாது

எங்கள் கொக்குவில் வீட்டின் பின்பக்கம் ஒரு பலகைத் தளம் இருக்கிறது. எங்கள் வீடு என்று பேச்சுக்குச் சொல்கிறேன். வீடு கனடாவில் இருக்கும் அண்ணனுடையது; கூட்டித் துடைத்துக் குடியிருப்பது மட்டும் நானும் என் கணவரும். அங்கே வீட்டுக்குப் பின்னால் இருப்பது போல இங்கேயும் ஒன்று வேண்டுமென்று, போனிலேயே படம் அனுப்பிக் கட்டுவித்தார். அதற்கு டெக் என்று பெயராம். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னப்பா, கூட்டம் ஏதும் வைக்கப் போறியளோ?" என்று கேட்டாள்.

மத்தியான வெயிலில் அதில் அப்பளம் பொரிக்கலாம். மாரியில் பாசி பிடிக்கும். ஒருவரும் அதில் உட்கார்ந்ததில்லை, துடைத்ததோடு சரி. செருப்போடு ஏறக்கூடாது என்பது அண்ணனின் சட்டம். கனடாவில் அவர் சப்பாத்தோடுதான் ஏறுவாராம். அது கனடா.

போன தைப்பொங்கலுக்கு முன் போன் எடுத்தார். "நான் வாறன். போன முறை டெக் பாசி பிடிச்சுக் கிடந்தது. உங்களாலை பாக்கேலாதெண்டால் சொல்லு பிள்ளை, வீட்டை வித்துவிடுவம்."

சாதாரணமாகத்தான் சொன்னார். இந்த வயதில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

கூடவே ஒரு வீடியோவும் வந்தது. தண்ணீரை வேகமாகப் பீச்சும் மெஷினால் மரத்தைக் கழுவுவது எப்படி என்று ஒரு வெள்ளைக்காரர் பொறுமையாகக் காட்டினார். முதலில் சவர்க்காரமும் மெல்லிய பிரஷும். பிறகு அகல விரியும் முனை, குறைந்த வேகம், தள்ளி நின்று, மரத்தின் ரேகை ஓடும் பக்கமாக. காலுக்குச் சப்பாத்து, கண்ணுக்குக் கண்ணாடி. என் கணவர் பாதியிலேயே போனை என்னிடம் தந்துவிட்டார்.

"இஞ்சாரும், தண்ணி அடிக்கவும் வெள்ளைக்காரனே படிப்பிக்கோணும்?"

மோட்டார் சைக்கிள் கழுவும் கடையிலிருந்து மெஷின் வந்தது. சப்பாத்துப் போடுங்கோ என்றேன். "செருப்போடை ஏறக்கூடாதெண்டு உம்மடை அண்ணைதானே சொன்னவர்?" என்றார். சாரத்தை மடித்துக் கட்டி, போட்டிருந்த செருப்பையும் படியில் பக்குவமாகக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினார். மோட்டார் சைக்கிள் சில்லில் ஒட்டிய சேற்றுக்கு அடிக்கும் ஊசி முனையை மாட்டிக் கிட்டப் பிடித்தார். பாசி மட்டுமா போனது? பலகையின் தோலும் போனது. இவருடைய கால்விரல்கள் தப்பியது நல்லூரான் செயல்.

காய்ந்ததும் தளம் வெள்ளை வெளேரென்று இருந்தது. நானும் பூரித்துத்தான் போனேன். அழுக்காகிவிடும் என்று அண்ணன் வரும்வரை ஒரு காக்காவைக் கூட ஏறவிடவில்லை. நானாவது ஏறியிருந்தால், பலகை முழுக்க நார் சிலிர்த்து நின்றது காலில் பட்டிருக்கும்.

அண்ணன் வந்ததும் நேரே பின்பக்கம் போனார். "ஆ, இதெல்லோ டெக்!" என்றார். சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். தன் சட்டத்துக்குத் தானே கட்டுப்பட்டு மிடுக்காக நடந்தவர், நடுவில் நின்று "ஐயோ அம்மா!" என்று கத்தினார்.

குதிக்காலில் நீளமான மரச் சிராம்பு. என் கணவருக்குக் கிணற்றடியில் அவசரமாக ஏதோ வேலை வந்துவிட்டது. நான் ஊசியை நெருப்பில் காட்டி, அண்ணனின் காலை மடியில் தூக்கி வைத்தேன். வீடு போய்விட்டது என்றே நினைத்தேன்.

"வீடியோ அனுப்பினனான் எல்லோ? கழுவிக் காஞ்சாப்பிறகு சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்க்கோணுமெண்டு கடைசியிலை காட்டினவன். பாத்தனீங்களோ?"

அந்தக் கடைசியை யார் பார்த்தது?

"அடுத்த வருஷம் நான் வரேக்கை இதிலை ஒரு சிராம்பு இருக்கக்கூடாது. சொல்லிப்போட்டன்."

அடுத்த வருஷம். ஊசி பிடித்த கை அப்படியே நின்றது. அதைவிட இனிமையான ஏச்சை நான் வாழ்நாளில் வாங்கியதில்லை.

"என்ன பிள்ளை, குத்தினது எனக்கெல்லோ? நீ ஏன் அழுறாய்?"

"ஒண்டுமில்லை அண்ணை. காலை ஆட்டாமல் வைச்சிருங்கோ" என்றேன்.